ஃப்ரீசரில் மூன்று நாள்

4

"கையெழுத்தைப் பார்த்தா என்னோடதுதான்னு எனக்கே தோணுது. ஆனா இப்படி ஒரு லெட்டர் நான் எழுதவே இல்ல," என்றார் டீச்சர்.

சொல்லிவிட்டு அந்த நகல் காகிதத்தை மேசைமேல் தள்ளினார். தட்டச்சு செய்த நாலே வரி. உடல்நிலை இடம் தராததால் தீவுப் பயணத்திலிருந்து விலகிக்கொள்கிறேன், என் இடத்தைக் காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குத் தருவதில் ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தது. மேலே விண்ணப்ப எண். கீழே, கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்துவிட்ட ஒரு கையெழுத்து.

"கவர் எங்க?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டரம்மா.

"அனுமதி ஆபீஸ்ல நகல் மட்டும்தான் குடுத்தாங்க."

"கவர் இல்லாம எங்க போஸ்ட்மாஸ்டரம்மாகிட்ட லெட்டரைக் குடுக்கறது, ஸ்டீயரிங் இல்லாத பஸ்ஸுல டிரைவரை ஏத்தற மாதிரி," என்றார் கண்டக்டர்.

டீச்சர் சிரிக்கவில்லை. போஸ்ட்மாஸ்டரம்மா சிரிக்கமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் டீச்சருக்குப் பக்கத்தில் தடியான ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவருடைய கணவர், என்ஜினீயர், வாய்விட்டுச் சிரித்தார். அந்த நிமிடமே கண்டக்டருக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பாவம், கண்டக்டரும் என்னதான் செய்வார். இருபது வருடம் ஓடும் பஸ்ஸில் நின்றபடியே பேசிப் பழகிய வாய். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டவர், ஆறு வருடமாகப் போஸ்ட்மாஸ்டரம்மாவுக்கு உதவியாளர். அந்த அம்மாவோ, முப்பத்து நாலு வருடம் தபால் நிலையத்தில் ஊரார் கடிதங்களைப் பிரிக்காமல் கட்டுப்படுத்திக்கொண்ட ஆசையை எல்லாம், ஓய்வு பெற்ற மறுநாளே துப்பறியும் அலுவலகமாகத் திறந்துவிட்டவர். அவரிடம் ஒரு நகைச்சுவை போய்ச் சேர்வது என்பது, முகவரி இல்லாத தபால்தான். ஆறு வருடத்தில் முதன்முறையாகச் சிரிக்க ஒரு ஆள் கிடைத்திருந்தார்.

"முதல்லருந்து சொல்லுங்க டீச்சர்," என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா. "அந்தத் தீவுல அப்படி என்ன இருக்கு?"

உயிரியல் டீச்சரிடம் கேட்கக்கூடிய கேள்வியா அது. அழுது வீங்கியிருந்த முகம் ஒரு கணம் தெளிந்தது.

"படகுல எட்டு மணி நேரம். மனுஷங்க யாரும் கிடையாது. தென்னை மரம் ஏறித் தேங்காய் உரிக்கிற நண்டு இருக்கு, முறம் அகலத்துக்கு. ஆமை வரும். எல்லாத்தையும் விட ஒரு பறவை. கோழி அளவுதான். ஆனா மண்ணையும் இலையையும் காலால வாரி வாரி ஆள் உயரத்துக்கு மேடு கட்டும். முட்டையை அதுக்குள்ள புதைச்சுட்டுப் போயிடும். அடைகாக்கறது எல்லாம் மண்ணோட சூடுதான். அது மேடு கட்டற சமயத்துல, வருஷத்துக்கு ஒரே தடவை, ரெண்டே ரெண்டு பேரைப் பத்து நாள் விடுவாங்க. நானும் எங்கண்ணனும் ஏழு வருஷமா விண்ணப்பம் போட்டு, இந்த வருஷம்தான் கிடைச்சுது. நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் படகு."

நேற்று மாலை ஒரு சந்தேகம் கேட்க அலுவலகத்துக்குப் போன் செய்தபோதுதான், "நீங்கதான் விலகிட்டீங்களே" என்று சொல்லியிருக்கிறார்கள். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குப் பயணிகள் பட்டியல் படகுக்குப் போய்விடும். அதற்குள் கடிதத்தில் மோசடி என்று நிரூபித்தால் இடம் திரும்பக் கிடைக்கும்.

"இல்லாட்டி அடுத்த வருஷம்?" என்றார் கண்டக்டர்.

"விலகினவங்க அஞ்சு வருஷம் விண்ணப்பிக்கக் கூடாது. அதுக்கப்புறம் வரிசையில நிக்கணும். எனக்கு இப்ப அம்பத்து நாலு. அறுபது தாண்டினா அனுமதியே கிடையாது." டீச்சர் விரலால் கணக்குப் போட்டுக் காட்டவில்லை. அந்தக் கணக்கை அவர் நேற்று ராத்திரி முழுக்கப் போட்டு முடித்திருந்தார்.

என்ஜினீயர் ஃபைலிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினார். டீச்சர் வாங்கிக்கொண்டார். என்ன பொருத்தமான ஜோடி என்று கண்டக்டர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

"இடம் யாருக்குப் போச்சுன்னு ஆபீஸ்ல சொல்ல மாட்டாங்களா?"

"படகுத்துறையிலதான் பேர் தெரியும். அதுவரைக்கும் ரகசியம்."

போஸ்ட்மாஸ்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சரி. பேரை விடுங்க. நாளைக்குக் கிளம்பறவர் இந்த வாரம் என்ன செஞ்சுட்டு இருப்பார்?"

"மூட்டை கட்டணும், மாத்திரை வாங்கணும். ஷூவை ஃப்ரீசர்ல வைக்கணும்."

"எதை எதுல?" என்றார் கண்டக்டர்.

"ஷூவைத் தேய்ச்சுக் கழுவி, இடுக்குல ஒட்டியிருக்கற விதையை எல்லாம் ஊசியால நோண்டி எடுத்து, காயவச்சு, பேப்பர்ல சுத்தி, மூணு முழு நாள் ஃப்ரீசர்ல வைக்கணும். பூச்சி முட்டைகூட உயிரோட தீவுக்குப் போகக் கூடாது. அந்தத் தீவோட விதி அது."

"மீறினா யாரு கண்டுபிடிப்பா?"

"யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. துறையில ஒரு கையெழுத்து வாங்குவாங்க, அவ்வளவுதான். ஆனா அந்தத் தீவு மேல ஆசை இருக்கறவங்க யாரும் மீற மாட்டாங்க. புல்லு விதை ஒண்ணு போதும், மேடு மேடா வேர் பிடிச்சுடும். பறவையால தோண்ட முடியாது."

"ஒரே ஒரு விதை," என்றார் என்ஜினீயர் மெல்ல. "புதன்கிழமை காலையில ஆறு மணிக்கு உள்ள போயிருக்கணும். அப்பத்தான் மூணு நாள் கணக்கு சரியா வரும்."

போஸ்ட்மாஸ்டரம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "அப்போ, டீச்சரோட இடத்தை எடுத்தவரோட ஷூ இப்ப ஏதோ ஒரு ஃப்ரீசர்ல விறைச்சுக் கிடக்கு. கண்டக்டரே, இன்னிக்கு நாம போற வீட்டுல எல்லாம் உங்களுக்கு ஐஸ் வேணும்."

"எனக்கு ஜலதோஷம் பிடிக்குமே அம்மா."

"பிடிக்கட்டும். இந்த விண்ணப்ப எண் யாருக்கெல்லாம் தெரியும்?"

இரண்டு பேரைச் சொன்னார் டீச்சர். கூடப் போகிற அண்ணன், பல் டாக்டர். அப்புறம் டீச்சரிடம் படித்த ஒரு பையன், இப்போது காட்டு விலங்குகளைப் படமெடுக்கிற கேமராக்காரன். அவனும் மூன்று வருடமாக இதே தீவுக்கு முட்டி மோதிக்கொண்டிருக்கிறானாம். ஃபாரத்தை எப்படி நிரப்புவது என்று பார்க்க டீச்சரின் விண்ணப்பத்தை வாங்கிப் போயிருக்கிறான்.

"எனக்கும்தான் தெரியும்," என்று கையைத் தூக்கினார் என்ஜினீயர். "தட்டச்சு பண்றதே நான்தானே. என்னையும் பட்டியல்ல சேர்த்துக்குங்க."

"அவர் இல்லாட்டி இந்த ஃபைலே இல்லீங்க," என்றார் டீச்சர். "எனக்கு ஃபாரத்தைப் பார்த்தாலே தலை சுத்தும்."

"உங்களைச் சேர்த்தா எனக்குச் சிரிக்க ஆள் இருக்காதே சார்," என்றார் கண்டக்டர். என்ஜினீயர் மறுபடி சிரித்தார்.

*

பல் டாக்டரின் கிளினிக்கில் கண்டக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். திட்டம் எளிமையானது. வலி என்று முனகுவது, ஒத்தடத்துக்கு ஐஸ் கேட்பது. டாக்டர் நாற்காலியைச் சாய்த்து, விளக்கைக் கிட்டே இழுத்து, வாய்க்குள் எட்டிப் பார்த்தார்.

"கடைவாய்ப் பல்லுல பெரிய ஓட்டை இருக்கே. எப்படி இத்தனை நாள் தாங்கினீங்க?"

கண்டக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் வலிக்கு வந்தவர் நிஜமாகவே கன்னத்தைத் தடவிக்கொண்டார். ஐஸ் எடுக்க டாக்டர் பக்கத்து அறைக்குப் போக, "நான் எடுத்துத் தர்றேன்" என்று போஸ்ட்மாஸ்டரம்மாவும் கூடவே போனார். அங்கே மருந்துப் பொருட்கள் வைக்கும் சின்ன ஃப்ரிட்ஜ். அதன் ஃப்ரீசர் தட்டில், பேப்பரில் சுற்றிய ஒரே ஒரு பொட்டலம்.

"இது யாரோட ஷூ டாக்டர்?"

டாக்டர் திகைத்துத் திரும்பினார். "என்னோடது. வீட்டு ஃப்ரீசர்ல வைக்க சம்சாரம் விடல. நீங்க யாரு?"

சொன்னார்கள். நேற்று தங்கையின் போன் வந்ததிலிருந்து தூக்கமில்லை என்று டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் சட்டைப் பையில் படகுச் சீட்டு தெரிந்தது.

"உங்க தங்கச்சிக்கு இடம் கிடைக்கலன்னா?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டரம்மா.

டாக்டர் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினார். சாத்திய கதவைப் பார்த்தபடியே பேசினார்.

"சின்ன வயசுல ஒரே புத்தகத்துல அந்தப் பறவைப் படத்தை ரெண்டு பேரும் பார்த்தோம். சேர்ந்து போறதாத்தான் பேச்சு. ஆனா பொய் சொல்ல விரும்பல. அவ இல்லாட்டியும் நான் போவேன். ஏழு வருஷம்மா. என்னால விட முடியாது."

வெளியே வந்ததும் கண்டக்டர் பொருமினார். "கூடப்பிறந்த அண்ணன். கழற்றிவிட்டுட்டுப் போறேன்னு கூசாமச் சொல்றார்."

"நம்மகிட்டயே சொல்லிட்டாரே. அதனால இந்த வேலையை அவர் செய்யல," என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா.

*

கேமராக்காரனின் ஸ்டுடியோ மூன்றாவது மாடி. கண்டக்டரின் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு குறை சொன்னது. மேலே ஏறி மூச்சு வாங்க ஐஸ் தண்ணீர் கேட்டபோது அவர் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

கேமராக்காரன் ஃப்ரிட்ஜைத் திறந்தே காட்டினான். பாட்டில், பாதி சாப்பிட்ட ரொட்டி, ஐஸ் தட்டு. வாசலோரம் அவனுடைய பூட்ஸ் கிடந்தது. அடியில் காய்ந்த சேறு அப்பியிருந்தது, கயிறு முழுக்க முள்விதை. போஸ்ட்மாஸ்டரம்மா அதைச் சுட்டிக்காட்டி, "வேற ஷூ இருக்கா தம்பி?" என்று கேட்டார்.

"இருக்கறதே அது ஒண்ணுதான். ஓ, புரியுது. டீச்சர் இடம் எனக்கு வந்துச்சான்னு பார்க்கறீங்க." அவன் சிரித்தான், ஆனால் முகம் வாடித்தான் இருந்தது. "எனக்கு வரலம்மா. டீச்சர் எங்களுக்கு முதல்ல சொல்லிக்குடுத்ததே செருப்பைத் தட்டிட்டு உள்ள வாங்கறதுதான். இந்த பூட்ஸோட நான் அந்த மண்ணை மிதிப்பேன்னு நினைக்கறீங்களா? போகாமலே செத்துடுவேன்."

"காத்திருப்புப் பட்டியல்ல நீங்க இருக்கீங்களா?"

"ரெண்டாவது இடத்துல. போன மாசம் போய்க் கேட்டேன். எனக்கு முன்னாடி ஒருத்தர் இருக்கார்னு கிளார்க் சொன்னார். பேர் சொல்லல. ஏழு வருஷமா பேரைப் பதிஞ்சு வச்சுட்டுப் பேசாம காத்துட்டு இருக்காராம், ஒரு தடவைகூட வந்து விசாரிச்சதில்லையாம். வருஷா வருஷம் புதுப்பிக்கற காகிதம் மட்டும் தவறாம வந்துடுமாம். பெரிய பொறுமைசாலி."

போஸ்ட்மாஸ்டரம்மா எழுந்துவிட்டார். கண்டக்டர் பாதி குடித்த ஐஸ் தண்ணீரை அங்கேயே வைத்துவிட்டுப் பின்னால் ஓடினார்.

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வழக்கமாக அடுத்தவர் டிக்கெட் கிழிக்கும் அழகைக் குறை சொல்லாமல் கண்டக்டர் ஒரு நிறுத்தம்கூடத் தாண்டியதில்லை. இன்று மூன்று நிறுத்தம் தாண்டிவிட்டது.

"டீச்சர் முதல் விண்ணப்பம் போட்டது எப்ப?" என்று கேட்டார் போஸ்ட்மாஸ்டரம்மா.

"ஏழு வருஷம் முன்னாடி."

"அந்த ஆளு பேரைப் பதிஞ்சது?"

"ஏழு வருஷம்..." கண்டக்டர் நிறுத்திக்கொண்டார். யாரும் கேள்விப்படாத ஒரு தீவு. டீச்சர் விண்ணப்பித்த அதே வருடம் இன்னொருவரும் விண்ணப்பிக்கிறார். வருடா வருடம் ஒழுங்காகக் காகிதம் அனுப்புகிறார். ஃபாரம் நிரப்புவதற்கு அலுத்துக்கொள்ளாத மனுஷன்.

"அவரா இருக்காதும்மா," என்றார் கண்டக்டர்.

"உங்க ஜோக்குக்குச் சிரிச்சார்ங்கறதுக்காகவா?"

கண்டக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்காகத்தான்.

*

மணி மூன்றரை. டீச்சர் வீட்டுக் கூடத்தில் மூட்டை கட்டி முடித்த பை ஒன்று சுவரோரம் நின்றது. அதைப் பிரிக்கவும் மனமில்லாமல் பார்க்கவும் மனமில்லாமல் டீச்சர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். என்ஜினீயர் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தார்.

"ஐஸ் இருக்குமா?" என்றார் போஸ்ட்மாஸ்டரம்மா.

"இல்லீங்க," என்றார் டீச்சர். "ஷூ வச்சதுலருந்து ஐஸ் தட்டு வைக்க இடமில்ல."

"எப்ப வச்சீங்க?"

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம்."

"செவ்வாய்க்கிழமை ராத்திரி ஐஸ் இருந்துச்சா?"

டீச்சர் யோசித்தார். "இருந்துச்சே. இவருக்கு ஐஸ் போட்ட தண்ணி இல்லாம சாப்பாடு இறங்காது. புதன்கிழமைதான் இவர் தட்டைத் தூக்கி வெளியில வச்சுட்டு, இடம் பத்தலன்னு சொன்னார்."

"உங்க ஷூ அளவு?"

"அஞ்சு. ஏன்?"

"அஞ்சாம் நம்பர் ஷூ ஃப்ரீசருக்குள்ள போனப்புறமும் வளராதே டீச்சர்," என்றார் கண்டக்டர். ஜோக் மாதிரிதான் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. இந்த முறை என்ஜினீயரும் சிரிக்கவில்லை.

சமையலறை ஃப்ரிட்ஜின் மேல்கதவில், 'சனி காலை வரை திறக்கக் கூடாது' என்று டீச்சர் புதன்கிழமை கையால் எழுதி ஒட்டிய காகிதம் இருந்தது. பள்ளிக்கூடத்து ஆய்வகப் பழக்கம். தானே எழுதிய கட்டளையைத் தானே மீறாத டீச்சர், செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அந்தக் கதவைத் தொடவே இல்லை. எதையாவது ஒளித்துவைக்க வேண்டுமென்றால் அந்த வீட்டிலேயே அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

போஸ்ட்மாஸ்டரம்மா கதவைத் திறந்தார். முன்னால் சின்னப் பொட்டலம். மேலே டீச்சரின் கையெழுத்தில் 'செவ்வாய், மாலை 6'. அதை எடுத்து வெளியே வைத்தார். அதற்குப் பின்னால், பட்டாணிப் பாக்கெட்டுக்கு அடியில், இன்னொரு பொட்டலம். பெரியது. மடிப்பு மடிப்பாக, மூலை மடித்து, அத்தனை நேர்த்தியாகக் கட்டியிருந்தது. வரைபடத்தில் எழுதுவதுபோலக் கட்டம் கட்டமாக எழுத்து. 'புதன், காலை 6.'

டீச்சர் அதைக் கையில் வாங்கிப் படித்தார். பனி ஒட்டிய பொட்டலத்தைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். விரல் சிவந்துபோயிற்று.

"மணிகூட எழுதியிருக்கீங்க," என்றார்.

என்ஜினீயர் சமையலறை வாசலிலேயே நின்றார். "எழுதலன்னா மூணு நாள் ஆச்சான்னு எப்படித் தெரியும்."

கண்டக்டருக்கு ரத்தம் கொதித்தது. காலையில் இந்த மனுஷன் கைக்குட்டை நீட்டியதை அவர் கண்ணாலேயே பார்த்திருந்தார். பொண்டாட்டி இடத்தைத் திருடத் தெரிந்தவனுக்கு, யாரும் சோதிக்காத ஒரு ஷூவை ஃப்ரீசரில் வைக்காமல் இருக்கத் தெரியவில்லை. டீச்சரை ஏமாற்ற மனசு வந்தது, பறவையை ஏமாற்ற வரவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்த ஆளிடம் இப்படி ஒரு யோக்கியமா என்று நினைக்க நினைக்க எரிச்சல் இன்னும் ஏறியது.

"அப்ப அந்தக் கையெழுத்து?" என்று கேட்டார் டீச்சர்.

"உன்னோடதுதான்."

"நான் போடல."

"போட்டே. போன மாசம், மருத்துவச் சான்று, காப்பீடு, படகு ஃபாரம்னு பதினோரு இடத்துல கையெழுத்து வாங்கினேன். அதுல ஒண்ணு இது. நீ படிக்கல."

இருபத்தாறு வருடமாகக் கணவர் விரல் வைக்கிற இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவந்தவர் டீச்சர். படிக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றவிடாமல் பார்த்துக்கொண்டவரும் அந்தக் கணவர்தான்.

"நேத்து நான் அழுதப்ப பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிக்குடுத்தீங்களே," என்றார் டீச்சர். குரல் உயரவே இல்லை. "யாரு இந்தப் பாவத்தைச் செஞ்சாங்கன்னு என்கூடச் சேர்ந்து திட்டினீங்க."

என்ஜினீயர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்குக் காலையில என்ன சொல்லிட்டுப் போறதா இருந்தீங்க?"

"பட்டியல்ல என் பேரும் இருந்துச்சு, தற்செயலா எனக்கு விழுந்துச்சுன்னு." நிறுத்தினார். "யாரோ போறதுக்கு, நானே போய்ப் பார்த்துட்டு வந்து உனக்குச் சொல்றேன்னு."

"எனக்குச் சொல்றதுக்கு."

"ஏழு வருஷம்மா," என்றார் என்ஜினீயர். இப்போது அவர் குரல்தான் உயர்ந்தது. "ஒவ்வொரு விண்ணப்பமும் நான் அடிச்சது. அந்தப் பறவையைப் பத்தி நீ குடுத்த ஒவ்வொரு குறிப்பும் நான் படிச்சது. மேடு எவ்வளவு உயரம், உள்ள எவ்வளவு சூடு, எல்லாம் எனக்கு மனப்பாடம். ரெண்டு இடம் இருந்துச்சு. ஒண்ணு உனக்கு. இன்னொண்ணுல உங்கண்ணன் பேரை எழுதச் சொன்னே. நான்தான் எழுதினேன். நீங்களும் வர்றீங்களான்னு ஒரு வார்த்தை, ஒரு தடவை, நீ கேக்கல."

போஸ்ட்மாஸ்டரம்மா டீச்சரின் பொட்டலத்தை மறுபடி உள்ளே வைத்து ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தினார்.

"கடல் உங்களுக்கு ஒத்துக்காதுன்னு சொன்னீங்க," என்றார் டீச்சர்.

"அது கல்யாணமான புதுசுல."

டீச்சர் பொட்டலத்தை மேசையில் வைத்தார். கேட்கவில்லை என்ற அந்தக் குறை அவரைத் தைத்திருந்தது, கண்டக்டர் அதைப் பார்த்தார். ஏழு வருடத்தில் ஒருநாளாவது கேட்டிருக்கலாம்தான். ஆனால் கேட்காதவளுக்கும் கேட்கவிடாமல் காகிதத்துக்கு நடுவில் காகிதம் செருகினவனுக்கும் வித்தியாசம் உண்டு. டீச்சரும் அந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

"நீங்க கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல," என்றார். "அண்ணனை விட்டுட்டு உங்களைக் கூட்டிட்டுப் போயிருப்பேனோ என்னமோ. நீங்களும்தான் கேக்கல. நான் கேக்காதது மறதி. நீங்க செஞ்சது அது இல்ல."

போஸ்ட்மாஸ்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். "கையெழுத்து நிஜம்னா நம்ம கையில மோசடிக்கு ஆதாரம் இல்ல டீச்சர். இந்தப் பொட்டலத்தைக் காட்டினா ஆபீஸ்ல சிரிப்பாங்க. சார் வந்து தன் வாயால சொல்லி, தன் கையால எழுதிக்குடுத்தாத்தான் உண்டு. மணி நாலு."

எல்லோரும் என்ஜினீயரைப் பார்த்தார்கள். அவர் மேசைமேல் இருந்த பெரிய பொட்டலத்தைப் பார்த்தார். அதிலிருந்து நீர் சொட்ட ஆரம்பித்திருந்தது. எட்டினால் எடுத்து உள்ளே வைத்துவிடலாம். கை ஒருமுறை மேசைவரை போயிற்று. அப்படியே திரும்பி, கூடத்துக்குப் போய், ஃபைலை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

*

அனுமதி அலுவலகத்தில் நாலு இருபத்தைந்துக்கு என்ஜினீயர் தன் கையால் எழுதிக்கொடுத்தார். மனைவிக்குத் தெரியாமல் அவள் கையெழுத்தை வாங்கியதாகவும், பட்டியலிலிருந்து தன் பெயரை நிரந்தரமாக நீக்கிக்கொள்வதாகவும். நிரந்தரமாக என்று எழுத அவரை யாரும் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் முகம் வெளிறியிருந்தது.

கிளார்க் இரண்டு தடவை படித்தார். கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். டீச்சரிடம் நாலு பக்கத்தில் ஒரு புது ஃபாரத்தை நீட்டினார். "இதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டாப் போதும். சீக்கிரம்மா."

பழக்கதோஷம். என்ஜினீயர் முந்திக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.

டீச்சர் அந்த விரலுக்கு அடியிலிருந்து காகிதத்தை உருவிக்கொண்டார். அறையின் மறுகோடியில் இருந்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். முதல் பக்கம், முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.

மணி நாலு முப்பத்தைந்து. கண்டக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வரிக்கும் டீச்சரின் உதடு அசைந்தது. சின்ன எழுத்தில் அடியில் இருந்த குறிப்பைக்கூட விடவில்லை. நாலே முக்கால். நாலு ஐம்பது.

"அஞ்சு ஆகப் போகுதும்மா," என்றார் கிளார்க்.

"படிச்சுட்டுத் தர்றேன்."

மூன்றாம் பக்கத்தில் பேனா நின்றுவிட்டது. கண்டக்டர் பெஞ்சுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். பயணிக்கு ஏதாவது நேர்ந்தால் தகவல் சொல்ல வேண்டியவர் பெயர், உறவு, தொலைபேசி எண். கூட வருகிறவர் பெயரை எழுதக் கூடாது என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. ஏழு வருட விண்ணப்பத்திலும் அந்தக் கட்டத்தில் ஒரே பெயர்தான் இருந்திருக்கும். எழுதினவரும் அவரேதான்.

அறையின் அந்தப் பக்கத்தில் என்ஜினீயர் நிமிர்ந்து பார்த்தார். எந்தக் கட்டத்தில் பேனா நின்றது என்று அவருக்குத் தெரியும். அந்த ஃபாரம் அவருக்கு மனப்பாடம்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. போஸ்ட்மாஸ்டரம்மா பக்கம் திரும்பினார்.

"உங்க பேரை எழுதிக்கட்டுமா?"

போஸ்ட்மாஸ்டரம்மா தன் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். டீச்சர் பெயரையும் எண்ணையும் நிரப்பிவிட்டு எழுந்து, கிளார்க்கிடம் ஃபாரத்தைக் கொடுத்தார். கிளார்க் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இங்க உறவுங்கற இடம் காலியா இருக்கே. இவங்க உங்களுக்கு யாரு?"

"யாரும் இல்ல," என்றார் டீச்சர். "இன்னிக்குக் காலையிலதான் தெரியும். அப்படியே எழுதிக்குங்க."

கிளார்க் எழுதிக்கொண்டார்.